குலுக்கலில் விழாத பெயர்

அபிநயா என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்வது போலத் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பவும் கணினித் திரைக்குள் போய்விட்டாள். சுவரோரம் கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு தாயும் மகளும். மகளின் மடியில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் சான்றிதழ்கள், உறையின் பொத்தானை அவள் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள், டப், டப். மத்தியானம் வாங்க மேடம், கூட்டம் இருக்காது என்றுதான் அபிநயா போனில் சொன்னாள். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு தொடங்கியிருப்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும், அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸும் ஆன்லைன் பதிவுமாக இருக்கிற கடையில் நாள் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள். தெரிந்துதான் வரச் சொல்லியிருக்கிறாள். கூட்டத்தில் வந்தால் ரொம்ப நேரம் பேசமாட்டேன், கேட்டதைக் கேட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று கணக்குப் போட்டிருப்பாள். நல்ல கணக்குதான். கணக்கில் நல்ல பிள்ளை, பிளஸ் டூவில் கணக்கில் முழு மதிப்பெண். அது எனக்குத் தெரியும், அவளுடைய அப்பா டிராக்டர் ஓட்டுகிறார் என்பதும் தெரியும், மூன்றாம் செமஸ்டரின் நடுவே ஒரு திங்கட்கிழமை ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு போனவள் திரும்பி வரவில்லை என்பதும் தெரியும். அவளைப் பற்றி இவ்வளவு தெரிந்த நான் இப்போதுதான் அவள் இடது கைக்காரி என்று பார்க்கிறேன். மௌஸை இடது பக்கம் வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ் மெஷினின் சூடு முழங்கால் வரை வருகிறது. சூடான காகிதத்தின் வாசனை. எனக்கு ஏனோ பரீட்சை ஹால் ஞாபகம் வருகிறது, நான் பரீட்சை எழுதி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நீங்கியோர். அபிநயா படித்த கல்லூரியின் ஒரு திட்டத்தை மதிப்பிட்டு நான் எழுதுகிற அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தில் அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறேன். நிலைத்தோர் ஒரு பக்கம், நீங்கியோர் ஒரு பக்கம். எழுதும்போது சரியாக இருந்தது, பிறகு ராத்திரி படுத்த பின்னால் சொல் திரும்பி வந்து நின்றது, காலஞ்சென்றோர் என்பது போல. விட்டவர்கள் என்று போடலாமா. யார் எதை விட்டார்கள்? போனவர்கள். போனவர்களை யாரும் தேடுவதில்லை, இருப்பவர்களிடம்தான் எல்லோரும் கேட்கிறார்கள், திட்டம் உங்களுக்கு உதவியதா என்று, இருப்பவர்கள் ஆமாம் மேடம் என்கிறார்கள், இருக்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள். அதனால்தான் குலுக்கல் வேண்டும் என்றேன். புள்ளியியல் கற்றுக்கொடுக்கிறவள் நான், வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது. தேவசகாயம் சார் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கல்லூரியில் இயற்பியல் துறை, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே மிரண்டு ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, சனிக்கிழமை வகுப்பு, கூட ஒரு சீனியர், மாதம் ஒரு நாள் ஏதாவது ஒரு தொழிற்சாலை என்று தானே யோசித்துத் திட்டம் போட்டு, அதற்குக் ‘கூடவே’ என்று பெயர் வைத்து, ஓர் அறக்கட்டளையைப் பிடித்து மூன்று வருஷத்துக்கு நிதி வாங்கினார், அந்த அறக்கட்டளைதான் மதிப்பிட ஓர் ஆள் வேண்டும் என்று திருச்சியிலிருந்து என்னை அனுப்பியது. “பிள்ளைகளைக் குலுக்கிப் போடச் சொல்றீங்களே மேடம்.” “இடம் அறுபதுதான் சார். கேட்கிறவங்க அதுக்கு ரெண்டு மடங்கு. எப்படியும் பாதிப் பேருக்கு இல்லைன்னு சொல்லத்தான் போறீங்க. நீங்களா பார்த்துப் பொறுக்கினா தேறுற பிள்ளைகளாத்தான் பொறுக்குவீங்க. அப்புறம் அதுங்க தேறினது உங்களாலயா, அதுங்களாலயான்னு எப்படித் தெரியும்?”  நான் சொன்னதில் தப்பும் இல்லை. இப்போதும் இல்லை. கருத்தரங்கக் கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, கேன்டீனிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் அண்டாவில் சீட்டுகளைப் போட்டார்கள், கல்லூரி முதல்வர்தான் சொன்னார், மேடம் கையாலேயே எடுக்கட்டும், வெளியாள், யாரும் குறை சொல்ல முடியாது என்று. அண்டாவில் சாம்பார் வாசனை போகாமல் இருந்தது. மடித்த சீட்டுகளின் முனை விரலில் குத்தியது. ஒரு பெயர், ஒரு கைதட்டல், ஒரு பெயர், ஒரு கைதட்டல். பிறகு போதும் என்றார்கள். மிச்சச் சீட்டுகள் அண்டாவின் அடியில் கிடந்தன, அவற்றில் ஒன்று அபிநயா.

மிச்சம் என்று சொல்லக் கூடாது, ஒப்பீட்டுக் குழு. அவர்களும் இல்லாமல் எதுவும் தெரியாது. அவர்களும் இருந்ததால் இப்போது தெரிந்துவிட்டது. போன வாரம், வீட்டில், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நடுவே எழுந்துபோய்க் கணினியில் கடைசிக் கணக்கை ஓடவிட்டுவிட்டு வந்தேன், நறுக்கி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. குலுக்கலில் விழுந்தவர்களும் போயிருக்கிறார்கள், விழாதவர்களும் போயிருக்கிறார்கள், ஏறக்குறைய ஒரே அளவு. இருக்கிற இம்மி வித்தியாசம் காற்றில் வந்து காற்றில் போகிற வித்தியாசம். ஆண்களைத் தனியாகப் பார்த்தேன், பெண்களைத் தனியாக, தமிழ் வழியில் படித்து வந்தவர்களைத் தனியாக. தோண்டிக்கொண்டே இருந்தால் எங்காவது ஒரு மூலையில் ஏதாவது கிடைக்கும், அப்படிக் கிடைப்பதை நம்பக் கூடாது என்று வகுப்பில் சொல்கிறவளும் நான்தான். தேவசகாயம் சார் அன்று மாலையே கூப்பிட்டார். நல்ல சேதியா மேடம்? இன்னும் போனவங்க சில பேரைப் பார்க்கணும் சார், பார்த்துட்டுச் சொல்றேன். அதுவும் பொய் இல்லை, போனவர்களைப் பார்ப்பது வேலையில் சேர்ந்ததுதான், ஆனால் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பஸ்ஸில் வரும்போதும் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சொந்த வீட்டில் சாப்பிடாமல், சாக்பீஸ் தூசி படிந்த கையோடு பிள்ளைகளின் நோட்டில் குனிந்து நின்ற மனிதர். அவரிடம் எப்படிச் சொல்வது. சார், நீங்கள் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான் என்றா. அப்படி இல்லை, இந்த அளவுகோலில், இந்த மாதிரியில், கண்டறியத்தக்க விளைவு ஏதுமில்லை. அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எத்தனை சொல் போட்டாலும் அடியில் அதேதான் கிடக்கிறது.

பக்கத்துப் பெண் பொத்தானைத் திறக்கிறாள், மூடுகிறாள். அவளை நிறுத்தச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. என் மகள் யாழினியும் இப்படித்தான், கையில் எது இருந்தாலும் அதை வைத்துச் சத்தம் எழுப்புவாள், பேனா மூடி, சாவி, வளையல். இப்போது கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம், எலக்ட்ரானிக்ஸ். போனில் சத்தமே இல்லை. சாப்பிட்டியா, ம். கிளாஸ் எப்படிப் போகுது, போகுது. லேப்? ம். தூக்கம் வருதும்மா, அப்புறம் பேசட்டா. நான் இதை வேறு யாருடைய பிள்ளையிடம் கேட்டிருந்தாலும் குறித்து வைத்திருப்பேன். போகிறவர்கள் முதலில் பேச்சைக் குறைக்கிறார்கள், பிறகு பின்வரிசைக்குப் போகிறார்கள், பிறகு காலைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை, நேர்காணல் நேர்காணலாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவள் அப்பா சொல்கிறார், பிள்ளைங்க வளர்ந்தா அப்படித்தான், உனக்குத் தொழில் புத்தி. இருக்கலாம். கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன், உனக்கு அங்கே பிடிச்சிருக்கா என்று அடித்தேன், அழித்தேன். கேட்டால் பதில் வந்துவிடுமே. ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன் அந்தக் கேள்வியை, ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண் சொல்லுங்கள் என்று.

“சர்வர் சுத்துது. எல்லாரும் கொஞ்சம் இருங்க,” என்று அபிநயா பொதுவாகச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். மெலிந்திருக்கிறாளா, முதலிலேயே இப்படித்தானா, எனக்குத் தெரியவில்லை. அண்டாவைப் பார்த்தேனே தவிர முகங்களை நான் பார்க்கவில்லை. “சாரி மேடம். டீ சொல்லட்டா?” வேண்டாம் என்றேன். பேசுவதைப் பதிவு செய்யலாமா என்று கேட்க வேண்டும், கேட்டேன். “எதுக்கு மேடம், நான் என்ன பெருசா சொல்லப்போறேன்.” அதனால் பதிவு செய்யவில்லை. படிப்பை நிறுத்தியதற்கு என்ன காரணம் என்று கேட்டேன், எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில். எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள், வீட்டில் கஷ்டம், உடம்பு சரியில்லை, கணக்குப் பேப்பர் அரியர், ஏதாவது ஒன்று, நான் அதற்குரிய கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், “குலுக்கல்ல விழலை மேடம், அதான்,” என்றாள். கோபம் இல்லை. பஸ்ஸை விட்டுட்டேன் என்பது போலச் சொன்னாள். “நீங்கதானே எடுத்தீங்க. பச்சைப் புடவை கட்டியிருந்தீங்க. உங்களைத் தப்புச் சொல்லலை, அதிர்ஷ்டம் இல்ல, அவ்வளவுதான். எங்க அப்பாகிட்டயும் அதான் சொன்னேன். படிக்கத் தெரியாம வரலைப்பா, சீட்டு விழலைன்னு. அவரும் சரின்னுட்டார். ஊர்ல கேக்கிறவங்ககிட்ட அவரும் அப்படித்தான் சொல்றார்.” பச்சைப் புடவை. எனக்கு ஞாபகமே இல்லை. இருந்திருக்கும்.

நான் குறிப்பேட்டைத் திறந்ததைத் தொடரச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். “சினேகாவும் நானும் ஒரே ஸ்கூல் மேடம். ஆறாவதுல இருந்து ஒரே பெஞ்ச். ஒரே காலேஜ், ஒரே ரூம். அவளுக்கு விழுந்துச்சு. முதல்ல எல்லாம் சனிக்கிழமை கிளாஸ் முடிஞ்சு வந்து எனக்கும் உக்காந்து சொல்லிக்குடுப்பா, தேவசகாயம் சார் இப்படிச் சொன்னாரு, அப்படிப் போட்டாருன்னு. எனக்குத்தான் ஒருமாதிரி இருந்துச்சு. அவ பெரியாளு மாதிரியும் நான் டியூஷன் பிள்ளை மாதிரியும். ஒருநாள் கத்திட்டேன், உன் கிளாஸை நீயே வச்சுக்கன்னு. அப்புறம் அவ சீனியர்ங்ககூட சாப்பிடப் போக ஆரம்பிச்சா. நான் தனியா போகக் கூச்சப்பட்டு மெஸ்ஸுக்கே போகலை. ரூம்ல ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம். லைட்டை யாரு அணைக்கிறதுன்னுகூடப் பேச மாட்டோம்.” சிரித்தாள். “சின்னப்பிள்ளைத்தனம். வந்ததுக்கப்புறம் நம்பரையும் மாத்திட்டேன். அவ இந்நேரம் கடைசி வருஷத்துக்கு வந்திருப்பா. கேம்பஸ்ல வேலைகூடக் கிடைச்சிரும். அவளுக்கு விழுந்துச்சே.”  சினேகா இருக்கிறாள் என் கணக்கில். திட்டக் குழுவில், நீங்கியோர் பக்கம். அபிநயா போய் ஒரு செமஸ்டர் கழித்து அவளும் போயிருக்கிறாள். காரணம் தெரியாது, கூப்பிட்டபோது அவள் வீட்டில் பேச மறுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு என்பது எந்த வினாத்தாளிலும் நான் கேட்காதது. இரண்டு சீட்டு. ஒன்று என் விரலில் குத்தியது, ஒன்று அடியில் கிடந்தது. குலுக்காமல் இருந்திருந்தால், இருவரும் உள்ளே, அல்லது இருவரும் வெளியே, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்திக்குத் தெரியாததை ஒருத்தி கேட்டுக்கொண்டு, கரையேறியிருப்பார்களோ. தெரியாது. ஒரு ஜோடியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆயிரம் ஜோடி வேண்டும். ஆயிரம் ஜோடி இருந்தாலும் இந்த இரண்டு பேரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. திட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு ஹாஸ்டல் அறையில் இரண்டு பேர் லைட்டைப் பற்றிக்கூடப் பேசிக்கொள்ளவில்லை. அது எந்தக் கட்டத்தில் வரும்.

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவளுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அவளுடைய அப்பா ஊரில் தலை நிமிர்ந்து சொல்கிற காரணம், அதை வாங்கிக்கொண்டு நான் என்ன கொடுக்கப்போகிறேன். நன்றிம்மா என்று எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் பக்கத்திலிருந்த அம்மா, இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், “எம்மா, நீ படிச்ச காலேஜு எப்படி? இவளுக்கு அதைப் போடலாமா?” என்றாள். அபிநயா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், முகமே மாறிவிட்டது, ஆர்வமாக. “தாராளமா போடுங்க ஆன்ட்டி. நம்மள மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே அங்க ஒரு சார் கிளாஸ் எடுக்கிறார், தங்கமான மனுஷன். குலுக்கல்ல மட்டும் விழுந்துட்டா கவலையே இல்ல, கூடவே இருந்து கரையேத்தி விட்டுருவாங்க. எனக்குத்தான் குடுத்து வைக்கலை. இந்தா, இவங்கதான் அதுக்கு மேடம். இந்த வருஷமும் இருக்குல்ல மேடம்?” அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மகள் பொத்தானை விட்டுவிட்டாள். மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள், ஆமாம் என்று ஒரு சொல் போதும், ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் திருச்சி பஸ் ஏறிவிடலாம், இந்தப் பெண் அந்தக் கல்லூரியில் சேர்வாள், மூன்றாம் செமஸ்டரில் பேச்சைக் குறைப்பாள்.

“இருக்குமான்னு தெரியலைம்மா,” என்றேன். “ஏன் மேடம்? காசு நிறுத்திட்டாங்களா?” “இல்ல. நிறுத்தலாம். நான் எழுதிக் குடுக்கிறதைப் பொறுத்து.” அபிநயா புரியாமல் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருக்கலாம், இன்னமும். “குலுக்கல்ல விழுந்தவங்களும் போயிருக்காங்க அபிநயா. விழாதவங்க எவ்வளவு பேர் போனாங்களோ, கிட்டத்தட்ட அவ்வளவு பேர். உனக்கு விழுந்திருந்தாலும்…” முடிக்கவில்லை. முடித்தால் என்ன, அவளே முடித்துக்கொண்டாள், கணக்கில் நல்ல பிள்ளை. ஜெராக்ஸ் மெஷின் தானாக ஒருமுறை உறுமி அடங்கியது. “சினேகா?” என்றாள். யார் போனார்கள் என்று பெயர் சொல்லக் கூடாது, அது விதி, சொல்லவில்லை. லேமினேஷன் மெஷினைப் பார்த்தேன், அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். “அவளுமா,” என்றாள். பிறகு, “அப்ப நாங்க எதனால மேடம் போனோம்?” திட்டவில்லை, அழவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “தெரியலைம்மா.” “மூணு வருஷமா பாத்தீங்களே.” “பாத்தேன்.” “எங்க அப்பாகிட்ட இனிமே என்ன சொல்றது,” என்றாள், அது என்னிடம் இல்லை. அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “அப்ப அந்தக் காலேஜு வேணாமா?” என்றாள். அபிநயா எழுந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். திரையில் சுற்றிக்கொண்டிருந்தது நின்று பக்கம் திறந்திருந்தது. “ஏம்மா, உனக்கு ரொம்ப க்ளோஸ் பிரண்டு யாரு?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். “ஹரிணிக்கா.” “அவ எந்தக் காலேஜ் போடுறா?” “அவ மேல படிக்கலைக்கா, கல்யாணம்.” அபிநயா விசைப்பலகையை முன்னால் இழுத்துக்கொண்டாள். “சரி. உன் பேரை இனிஷியலோட சொல்லு,” என்றாள். நான் வந்தபோது போலவே கிளம்பியபோதும் தலையை மட்டும் அசைத்தாள். அல்லது அசைக்கவில்லை, எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

சாலையைக் கடந்து பேருந்து நிலையத்துக்குள் வந்து நிழலில் நின்றபோது போன் அடித்தது, யாழினியோ என்று ஒரு துள்ளல், இல்லை, தேவசகாயம் சார். எடுத்தேன். ஒருத்தியிடம் சொன்ன பிறகு இன்னொருவரிடம் சொல்வது எளிது என்று நினைத்தேன், எளிதாக இல்லை. வித்தியாசம் இல்லை சார் என்றேன். யாரோ ஒரு நடத்துனர் தஞ்சாவூர் தஞ்சாவூர் என்று கத்திக்கொண்டே போனார். “கொஞ்சம்கூடவா மேடம்?” “இல்ல சார்.” “ஒண்ணு ரெண்டு பிள்ளையாவது இருக்குமே.” “இருக்கலாம் சார். யாருன்னு சொல்ல முடியாது.” கணக்கு எங்கேயாவது தப்பியிருக்குமா என்று கேட்பார் என்று காத்திருந்தேன், அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன், எத்தனை விதமாகச் சரிபார்த்தேன் என்று வரிசையாகச் சொல்லலாம், குலுக்கலால் உடைந்த ஒரு பெஞ்சைப் பற்றியும் சொல்லலாம், சொன்னால் அவருக்கு ஆறுதலா, இன்னொரு அடியா. அவர் கேட்கவில்லை.  “இந்தச் சனிக்கிழமை இன்டெக்ரேஷன் ஆரம்பிக்கலாம்னு பிள்ளைங்கள வரச் சொல்லியிருக்கேன்,” என்றார். “வரட்டும் சார். நீங்க எடுங்க,” என்றேன், அவசரமாக, அந்த ஒன்றையாவது கொடுத்துவிடுகிற மாதிரி. திருச்சி பஸ் வந்து நின்றது, ஆட்கள் என்னைத் தாண்டிக்கொண்டு ஏறினார்கள். 

“எதுக்கு மேடம்?” என்று சார் கேட்டார்.